முந்நூறு பொட்டு

ஜானகியம்மாள் முந்நூறாவது பொட்டை வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்த நேரத்தில்தான் வசந்தகுமார் பேக்கிங் ஹாலுக்குள் நுழைந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஆயுத பூஜையன்று வாழைக்கன்று வாங்கப் போனவன் எவனும் சீக்கிரம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

வந்தவன் முதலில் பூரித்துத்தான் போனான். ஹால் அவ்வளவு அழகாக இருந்தது. சீலிங் மெஷினுக்குச் சாமந்தி மாலை, தராசுக்குப் பொட்டு, டேப் ஒட்டும் கருவிக்குப் பொட்டு. தீயணைப்பு சிலிண்டர் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு நின்றது. வாட்ச்மேனின் விசில்கூட ஒரு வாழையிலைத் துண்டில் தலையில் பூவோடு உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் மேஜைகளைப் பார்த்தான்.

சாயங்காலம் லாரி ஏற வேண்டிய முந்நூறு ஹாட் பேக்குகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காலையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்த பைகள் இப்போது தேங்காய் பர்பி மாதிரி வெள்ளை வெளேரென்று கெட்டியாகிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டான். சுரீரென்றது.

"யம்மா... இன்னா பண்ணி வச்சுகிறீங்க?"

"பொட்டு வச்சேன் தம்பி. விசிலுக்கே வச்சாச்சு, நம்ம கம்பெனி சரக்குக்கு வைக்காம உட்டா நல்லாவா இருக்கும்?"

"எங்க வச்சீங்க?"

"பொட்ட எங்க வைப்பாங்க? நடுவுலதான். அங்கயே வட்டமா ஒரு தகடு கீது பாரு, பொட்டுக்குன்னே செஞ்சாமாரி. கட்டவெரல வச்சு நல்லா அழுத்தி வச்சேன், உதிரக்கூடாதுல்ல?"

"அழுத்தனதும் சூடாச்சே, அப்பவாவது நிறுத்தக்கூடாதா?"

ஜானகியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மொத பைலயே கதகதன்னு ஏறிடுச்சு தம்பி. அம்மா எறங்கிட்டான்னு புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் நிறுத்துனா தெய்வ குத்தம் ஆவாதா?"

ஜானகியம்மாளைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் வேலை பார்ப்பது பக்கத்துக் கட்டடத்தில், கோல்டு பேக் பகுதியில். இந்தப் பக்கம் வந்ததே இன்றைக்குப் பூஜைக்காகத்தான்.

ஹாட் பேக் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஒருவகை உப்புக் கரைசல். நியாயமாக அது எப்போதோ உறைந்திருக்க வேண்டும். ஆரம்பித்துவைக்க ஆள் இல்லாததால் தண்ணீராகவே உட்கார்ந்திருக்கும். பாலுக்கு உறைமோர் போல அதற்கும் ஒரு தூண்டுதல் வேண்டும். அதற்குத்தான் நடுவில் அந்தப் பொத்தான் அளவுத் தகடு. ஓர் அழுத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அங்கிருந்து வெள்ளை படர்ந்து பை முழுக்க உறைந்துவிடும். உறைகிறபோது, அதுவரை உள்ளே பிடித்து வைத்திருந்த சூட்டை எல்லாம் வெளியே விடும். முட்டிவலிக்காரர்கள் முட்டியில் வைத்துக்கொண்டு "அப்பாடா" என்பார்கள். மறுபடியும் வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கரைத்து ஆறவைக்க வேண்டும்.

ஆக, ஒரு பூஜையில் முந்நூறு அப்பாடாவும் காலி.

இதிலே வசந்தகுமாரின் கழுத்துக்கும் ஒரு கத்தி இருந்தது. போன மாதம் கோயம்புத்தூருக்குப் போன முதல் லோடு, வழியிலேயே உறைந்து கட்டியாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி சந்திரமோகன் அன்றைக்கே இவனைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னொரு தபா கட்டியா போச்சுன்னா அவங்க என்னை விட்டுடுவாங்க. நான் உன்னை விட்டுடுவேன்."

விட்டுவிட்டால் போக்கிடம் பழைய வேலைதான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிற கான்ட்ராக்ட். நான்கு வருஷம் அங்கே இருந்து, தினமும் தலைமுதல் கால்வரை வெள்ளையாக வீடு திரும்பியவன். இந்த டிஸ்பாட்ச் வேலை கிடைத்த அன்று அவன் மனைவி சுமலதா வீட்டைக் கழுவிவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இனிமே சாம்பலோட ஊட்டுக்குள்ள வந்தா கதவ தொறக்க மாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்."

லாரி வருவது நாலு மணிக்கு. அதோடு கோயம்புத்தூர்க் கம்பெனி ஆளும் வருகிறார், சரக்கை நேரில் பார்க்க.

"ஹெலன்!" என்று கத்தினான்.

தரம் பார்க்கும் ஹெலன் ஊத்துக்கோட்டைப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவள். ஓடிவந்து, மேஜையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணா. கொதிதண்ணில போட்டா பழையபடி ஆயிடும்."

"உன் லேப்ல கொதிக்க வைக்கலாமா?"

"என் தொட்டில ஒரு தபாக்கு ஆறு பைதான் புடிக்கும்."

வசந்தகுமார் மனசுக்குள் கணக்குப் போட்டான். அப்படிச் செய்தால் லோடு தீபாவளிக்குக் கிளம்பும்.

அப்போதுதான் காற்றில் பட்டை, கிராம்பு வாசனை வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் மதியச் சாப்பாட்டுக்காக கிஃபாயத்துல்லா பாய் அடுப்பு மூட்டியிருந்தார். பழவேற்காட்டுக்காரர். கறி பிரியாணிக்குப் பெயர்போன மனிதரைப் பூஜை நாளென்று வெஜிடபிள் பிரியாணி செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த வருத்தத்தில் காலையிலிருந்தே கேரட்டைக் கோபமாக நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது பிரியாணி அண்டா, பாயின் பாஷையில் தேக்சா, காலியாக, ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அகலத்தில் இருந்தது.

"பாய், அந்த தேக்சா..."

"அது பாயசத்துக்கு."

"பாயசம் வேணாம் பாய். தண்ணி கொதிக்க வைங்க. ஒரு சாமான் போடணும்."

சாமானைப் பார்த்ததும் பாய் இரண்டடி பின்வாங்கினார். "இன்னா நைனா, பிளாஸ்டிக்க வேக வைக்கச் சொல்றியா? மூணு தலமொறயா இதுங்கள்ல ஆட்டுக்கறி வெந்துகினு கீது. இன்னிக்கு கேரட்டு போட்டதே பெரிய கேவலம்."

"பாய், இது போவலைன்னா நான் அத்திப்பட்டு போயிடுவேன் பாய்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். தேக்சாவைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விறகைத் தள்ளினார். "போடு. ஆனா வெளிய யாருக்கும் தெரியக்கூடாது. கல்யாண ஆர்டர் வராது."

பைகள் உள்ளே போயின. போட்ட சற்று நேரத்தில் சந்தனமும் குங்குமமும் கரைந்து தண்ணீர் தளதளவென்று ஆரஞ்சு நிறத்தில் கொதிக்க ஆரம்பித்தது. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. பூஜைக்குப் பட்டு வேட்டியில் வந்திருந்த சந்திரமோகன், வாசனை பிடித்துக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கே வந்துவிட்டார்.

"அட, கேசரியா பாய்? கலரே தூக்குதே! ஒரு கரண்டி குடுங்க, ருசி பாக்கலாம்."

பாய் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மூடியைத் தூக்கி டமாலென்று தேக்சாமேல் கவிழ்த்தார்.

"தம்ல கீது சார். இப்ப தொறந்தா மொத்தமும் போச்சு."

"கேசரிக்கு தம்மா?"

"எங்க பழவேற்காட்டு முறை சார்."

சந்திரமோகன் மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் போகிற வழியில் "பத்து நிமிஷத்துல வரேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். வசந்தகுமார் பதறிப்போய்ப் பைகளை அவசர அவசரமாக அரிகரண்டியால் வெளியே எடுத்தான். எல்லாம் தண்ணீராகத்தான் தெரிந்தன. மேஜையில் பரப்பி, இரண்டு பெடஸ்டல் ஃபேனையும் திருப்பிவிட்டு, அப்பாடா என்று நெற்றியைத் துடைத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பை மூலையில் வெளுத்தது. அப்புறம் பக்கத்துப் பை. அப்புறம் அந்த வரிசை முழுக்க. யாரும் தொடவில்லை, தானாகவே ஒவ்வொன்றாகக் கெட்டியாகிக்கொண்டே போயின.

ஹெலன் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அவசரப்பட்டுட்டீங்க அண்ணா. மூலைல ஒரு பொடி கரையாம நின்னா போதும், ஆறும்போது அதே மறுபடியும் மொத்தத்தையும் உறைய வச்சிடும்."

"ஒரு பொடிக்கு இவ்ளோ திமிரா?"

"ஒரு பொடிதான் அண்ணா ஆரம்பிச்சு வைக்கும்."

மறுபடியும் எல்லாம் தேக்சாவுக்குள் போயின. இந்த முறை பாய் மூடியின்மேல் கல்லே தூக்கி வைத்துவிட்டார். "பிரியாணியா நெனச்சுக்கோ. நான் சொல்லாம தொறக்கக்கூடாது." சந்திரமோகன் இரண்டு தடவை எட்டிப்பார்த்து இரண்டு தடவையும் "இன்னும் தம்மா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் கேசரி இல்லாமலே பிரியாணி சாப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கல் தெரிந்தது.

இம்முறை பைகள் கண்ணாடி மாதிரி வந்தன. ஒரு பொடி கிடையாது. ஆனால் மணி இரண்டரை தாண்டிவிட்டது. அடுப்பிலிருந்து இறங்கிய பைகள் தொட முடியாத சூடு. அட்டைப்பெட்டியில் போட்டால் பெட்டியே வேர்க்கும்.

"சீக்கிரம் ஆறணுமே..." என்று வசந்தகுமார் கையைப் பிசைந்தான்.

"அதுக்கு இன்னாத்துக்கு தம்பி கவல?" என்றார் ஜானகியம்மாள். தன்னால் வந்த வினை என்று காலையிலிருந்தே அவருக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. ஏதாவது செய்து பிராயச்சித்தம் தேடத் துடித்தார். "எங்க செக்ஷன்ல பிரிண்ட் தப்பான கோல்டு பேக்கு மூட்டை மூட்டையா கீது. மேல வச்சா ஜில்லுனு ஆறிடும்."

வசந்தகுமாருக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. கோல்டு பேக் நேர் எதிர் சாதி. உள்ளே யூரியாவும் ஒரு குட்டித் தண்ணீர்ப் பையும் இருக்கும். தண்ணீர்ப் பை உடைந்து யூரியா கரைகிறபோது, கரைவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றியிருக்கிறவர்களிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஜானகியம்மாளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொன்னேரிப் பக்கத்தில் அவர் கணவர் தணிகாசலம் நெல் போடுகிறவர். "எங்கூட்டுக்காரரு வாளில யூரியா கரைக்கசொல்ல கை ஜில்லுனு ஆவும் தம்பி. வெயில்ல சொகமா இருக்கும்னு சும்மா சும்மா கலக்கிகினு இருப்பாரு" என்று பெருமையாகச் சொன்னார்.

எல்லாம் சரி. ஆனால் அந்தத் தண்ணீர்ப் பை தானாக உடையாது. குத்த வேண்டும்.

வசந்தகுமார் பெட்டிக்கு டேப் தேடிப் போன அந்த இடைவெளியில், ஜானகியம்மாளும் அவருடைய செக்ஷன் பெண்களும் கோல்டு பேக்குகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஹாட் பேக்கின் மேலும் ஒன்றாக ஒழுங்காக அடுக்கினார்கள். அடுக்கிவிட்டு, தனியாக எடுத்துக் குத்துவானேன் என்று அங்கேயே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓங்கிக் குத்தினார்கள்.

டம். டிக்.

டம். டிக். டம். டிக். டம். டிக்.

மேலே இருந்தது ஜில்லென்று ஆயிற்று. கீழே இருந்தது கெட்டியாகிச் சுட்டது. வசந்தகுமார் டேப்போடு வந்து கதவில் நின்றபோது பைகளில் பாதி வெளுத்துவிட்டது. மீதிப் பாதியின்மேல் ஜானகியம்மாளின் கை ஓங்கியபடி இருந்தது.

"நிறுத்துங்க!"

கை அந்தரத்திலேயே நின்றது. "மேல ஜில்லுனு கீது, அடியில கொதிக்குது. பேஜாரா கீதே தம்பி" என்றார் ஜானகியம்மாள், குழம்பிப்போய்.

வசந்தகுமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து சுமலதா போன் செய்தாள். "பூசைலாம் நல்லபடியா ஆச்சா? பொரி, கடல எடுத்துகினு வாங்க." சாம்பல் நிறத்தில் ஒரு 'ம்' மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது.

ஹெலன்தான் அவனை எழுப்பினாள். "அழுறதுக்கு நேரமில்ல அண்ணா. எந்திரிங்க."

இப்போது ஒருவர்கூடச் சும்மா இருக்கவில்லை. பிரியாணி தேக்சாவையும் பாய் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. வெளுத்தவை எல்லாம் உள்ளே போயின, முழுக்கக் கரைந்தன, ஹெலன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைத்தாள். ஆறவைப்பதற்குத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. அதில் பைகளைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி ஒவ்வொன்றாக விட்டார்கள். எடுத்தார்கள். பனியன் துணியால் ஒற்றினார்கள். ஜானகியம்மாளைத் தொட்டிக்குப் பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பாவம், அவரும் அப்படியே இருந்தார்.

கடைசிப் பை மேஜைக்கும், ஜானகியம்மாளின் நாற்காலி ஹாலின் கடைசி மூலைக்கும் வந்தபோது வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

வசந்தகுமார் மேஜையைப் பார்த்தான். தெளிவான பைகள், வரிசை வரிசையாக. ஒரு பொட்டு இல்லை, ஒரு வெள்ளை இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சியில் சாமி படத்துக்கு முன்னாலிருந்த பொரித் தட்டை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொள்ளலாம் என்று தூக்கினான்.

தட்டுக்கு அடியில் ஒரு பை இருந்தது. முந்நூறில் ஒன்று. சாமிக்குப் படைக்கவென்று ஜானகியம்மாள் காலையிலேயே எடுத்து வைத்தது; மேஜையில் இருந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எப்போதோ ஆறிப்போய், கல் மாதிரிக் கெட்டியாக, நெற்றியில் பொட்டு கலையாமல், மங்களகரமாக இருந்தது.

முதலாளியின் குரல் நடையில் கேட்டது. "வாங்க ஸ்டீவன் சார், இந்தப் பக்கம்." அடுப்புக்கு ஓட நேரமில்லை. வசந்தகுமார் பையை பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, சட்டையை அதன்மேல் இழுத்துவிட்டு நின்றான்.

கோயம்புத்தூர் ஸ்டீவன் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். மேஜை மேஜையாக நடந்தார். ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். அடுத்ததைத் தூக்கிப் பார்த்தார். முகம் நீண்டுகொண்டே போயிற்று.

"எல்லாமே இப்படித்தானுங்களா?"

"எல்லாமே!" என்றார் சந்திரமோகன் மார்பை நிமிர்த்தி. "ஒண்ணுகூட கட்டி இல்ல. எண்ணிக்கோங்க."

ஸ்டீவன் உண்மையாகவே எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்து நிமிர்ந்தவர், "ஒண்ணு குறையுதுங்களே" என்றார். சொல்லும்போதே அவர் கண் வசந்தகுமாரின் பேன்ட்டுக்குப் போயிற்று. பாக்கெட் செங்கல் வைத்த மாதிரி புடைத்திருந்தது. போதாதற்குச் சட்டை ஓரத்தில் குங்குமம் ஈஷியிருந்தது.

"அது என்னங்க?"

"ஒண்ணுமில்ல சார்..."

"எட்ரா வெளிய" என்றார் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு.

வசந்தகுமார் எடுத்தான். அத்திப்பட்டுப் புகைபோக்கி கண்முன்னால் தெரிந்தது. வெள்ளைக் கட்டி, நடுவில் பொட்டு. சந்திரமோகனின் முகம் அந்தக் குங்குமத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது.

ஸ்டீவன் அதை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். மேஜைமேல் ஒரு போடு போட்டார். அசையவில்லை. அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

"இது ஒண்ணுதானுங்க சரியா இருக்குது. மத்ததெல்லாம் ஏனுங்க இப்படித் தண்ணியா வச்சிருக்கீங்க?"

சந்திரமோகன் கட்டியையும் தெளிவான பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன தடவை தண்ணியாத்தானுங்க அனுப்புனீங்க" என்றார் ஸ்டீவன். "குலுங்குன குலுங்கல்ல கிருஷ்ணகிரி தாண்டி ஒவ்வொண்ணா டிக்கு டிக்குன்னு சூடாயிருச்சு. பெட்டியில தீப்புடிச்சிருச்சுன்னு டிரைவர் ரோட்டுல எறக்கி நாலு குடம் தண்ணி ஊத்திப்போட்டாரு. அட்டையெல்லாம் நாறிப்போய் வந்துச்சு. கட்டியா அனுப்பிட்டா வழியில ஒரு தொல்லையும் இல்லீங்க. வெந்நீர்த் தொட்டி எங்க பிசியோதெரபி சென்டர் எல்லாத்துலயும் இருக்குது, நாங்களே கரைச்சுக்குவோம். போன்ல இதைச் சொல்றதுக்குள்ள சார் கோவமா கட் பண்ணிட்டாருங்க. அதான் நேர்ல வந்தேன்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி மேலே சுற்றாத சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

வசந்தகுமாருக்கு முதலில் அழுகை வந்தது. பாதி வழியில் அது சிரிப்பாக மாறிவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். ஹெலன் சிரித்தாள். வாசலில் நின்ற கிஃபாயத்துல்லா பாய், தன் தேக்சா பட்ட பாட்டை எல்லாம் நினைத்து "யா அல்லா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். சாம்பலும் இல்லை, அத்திப்பட்டும் இல்லை. அந்தக் கணத்தில் அவனுக்கு ஸ்டீவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதலாளி இருந்ததால் விட்டுவிட்டான்.

"அப்ப எவ்ளோ நேரம் ஆகும் எல்லாத்தையும் மறுபடி கட்டியாக்க?" என்றார் சந்திரமோகன், எதுவுமே நடக்காதவர் போல.

வசந்தகுமார் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜானகியம்மாள் வந்தார்.

"நவுரு தம்பி. சந்தனம் இன்னும் மீதி கீது."